பிடி அரிசியும் ஞானஸ்நானப் புத்தகமும்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு விநோதமாகப் படலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்றும் கேட்கலாம். ஆனால் 2024 நவம்பர் 26ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு ஒரு கதைதான். அதில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற ஒரு சாமியார், பேர் எழுதுகிற ஒரு புத்தகம் எல்லாம் இருக்கின்றன. கதைசொல்லிகள் இரண்டு பேர்: நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர். மகாதேவன். கதை வெளியான நாள் அரசமைப்புச் சட்ட நாள். இதை விடப் பொருத்தமாக நாம் கற்பனை செய்திருக்க முடியாது.

கதைச் சுருக்கம் இதுதான். புதுச்சேரியில் ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் வேலைக்காக அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார். அப்பா வள்ளுவன் சாதி, இந்து. அம்மா கிறிஸ்தவர். கலியாணத்துக்குப் பிறகு அம்மா இந்து வழக்கத்துக்கு வந்துவிட்டார், நானும் கோயிலுக்குப் போகிறவள்தான் என்பது பெண்ணின் கட்சி. இல்லை, அப்பாதான் கிறிஸ்தவரானார் என்பது நீதிமன்றத்தின் வாசிப்பு. அதற்கு ஆதாரங்கள்: அந்தத் தம்பதியின் திருமணம் 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவாகியிருக்கிறது, பிறந்த சில வாரங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது, வளர்ந்த பிறகும் மகள் மாதா கோயிலுக்குப் போகிறார், திரும்ப இந்துவானதற்கு அறிவிப்போ சடங்கோ இல்லை. ஆகவே நம்பிக்கை ஒன்றாகவும் கேட்கிற சலுகை இன்னொன்றாகவும் இருக்கிறது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்துக்கே செய்கிற மோசடி என்று தீர்ப்பு முடிகிறது.

சட்டப்படி சரியா தப்பா என்பதை வழக்கறிஞர் தோழர்கள் பேசட்டும். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படியே இருக்கிற வரையில் வேறு எப்படி எழுத முடியும் என்றும் அவர்கள் சொல்லக்கூடும். என் கேள்வி வேறு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் வீட்டுக்குள் எந்தச் சாமியை, எப்படி, எவ்வளவு நெஞ்சாரக் கும்பிட்டார்கள் என்பதை அளக்க நீதிமன்றம் கையில் எடுத்த கோல் எது? அந்தக் கோல் டெல்லியில் செய்ததல்ல. நம்முடைய இலக்கியத்திலும், மிஷன் காகிதங்களிலும், சாதி இந்துக்களின் திண்ணைப் பேச்சிலும் நூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கி வருகிற கோல். அதன் ஒரு முனையில் 'இழப்பு' என்று எழுதியிருக்கிறது. இன்னொரு முனையில் 'ஆதாயம்' என்று எழுதியிருக்கிறது. மதம் மாறியவன் எதையாவது இழந்திருந்தால் அவன் விசுவாசி. எதையாவது பெற்றிருந்தால் அவன் வேஷக்காரன்.

இந்தக் கோலை இலக்கியம் எப்படித் தயாரித்தது என்று பார்க்க, கிருபாபாய் சத்தியநாதனின் 'சகுணா'விலிருந்து தொடங்கலாம். கிருபாபாய் 1862இல் பிறந்து 1894இல் இறந்தவர். ஆங்கிலத்தில் எழுதினார், முதலில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது, பிறகு புத்தகமானது, தமிழிலும் வந்தது. கிறிஸ்தவத் தம்பதியரின் அன்றாட வாழ்க்கையை நாவலாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று. அதன் முன்பகுதி முழுக்க அவருடைய பெற்றோரின் கதைதான். பம்பாய் மாகாணத்துப் பிராமணத் தம்பதி. புருஷன் மதம் மாறுகிறார். மனைவிக்கு இஷ்டமில்லை, அழுகிறார், ஆசாரம் விடமாட்டேன் என்கிறார், பிறகு மெல்ல மெல்ல வருகிறார். நல்ல எழுத்து. அந்த மனைவியின் தயக்கத்தை எழுதியிருக்கிற இடங்களில் ஒரு பெண்ணின் மனசு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பதியின் விசுவாசத்தை நாவல் எதை வைத்து நம்ப வைக்கிறது? அவர்கள் இழந்ததை வைத்து. சாதி போயிற்று, உறவு போயிற்று, அந்தஸ்து போயிற்று. இவ்வளவையும் விட்டுவிட்டு வந்தார்கள் என்றால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும் என்று வாசகர் தாமே முடிவுக்கு வந்துவிடுகிறார். இழப்பு பெரிசாக இருக்கிற அளவுக்கு விசுவாசமும் பெரிசாகிறது.

19ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ வாழ்க்கை வரலாறுகளில் கணிசமானவை இந்த அச்சில் வார்த்தவை. பிராமணர், வேளாளர், நாயுடு குடும்பத்து மனமாற்றங்களுக்குத் தனித்தனிப் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. பறையர் தம்பதி அந்த அலமாரியில் எங்கே? அறிக்கைகளில் இருக்கிறார்கள், எண்ணிக்கையாக. இந்தக் கிராமத்தில் இத்தனை குடும்பம், அந்தக் கிராமத்தில் இத்தனை ஆத்துமாக்கள் என்று. காரணம் சுலபம். இழப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? சாதியை இழந்தான் என்று சொல்ல முடியாது. இழக்கக் கிடைத்தால் சந்தோஷமாக இழந்திருப்பான், அது போகவில்லை. சொத்தை இழந்தான் என்று சொல்ல முடியாது. அக்கிரகாரத்து உறவை இழந்தான் என்று சொல்ல முடியாது. அப்புறம் எதை வைத்து அவன் விசுவாசத்தை அளப்பது? கோலின் மறுமுனையை வைத்துத்தான்.

செங்கல்பட்டு ஜில்லா இந்த மறுமுனையின் வரலாற்றுக்கு மிக முக்கியமான இடம். மிராசு ஜில்லா இது. புறம்போக்கு, தரிசு எதற்குத் தர்க்காஸ்து போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கு. சேரிக்காரன் குடிசை போட்ட மண்ணே மிராசுதாருடையது என்றிருந்த காலம். கலெக்டர் டிரமென்கீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிற நிலத்தின் பிறப்பு அதுதான். இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சுயாதீன சபை மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவின் சத்தமும் இருந்தது. நிலம் கொடு, வீட்டுமனை கொடு என்று அவர் விடாமல் எழுதினார், வாதாடினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம், ஸ்காட்லாந்து மெல்ரோஸின் பேரைத் தாங்கி நிற்கிற குடியேற்றம், அந்தக் காலத்து முயற்சிதான்.

மிராசுதார்கள் என்ன சொன்னார்கள்? நிலத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறான் பாதிரி என்றார்கள். சொல்லட்டும், அவர்கள் பண்ணையாள் போய்விடுகிறான் என்கிற வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. நமக்கு யோசிக்க வேண்டியது மிஷன்காரர்களும் அதே கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள் என்பது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. சேரி மக்கள் கூட்டமாக வந்து எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றபோது, இவர்கள் வருவது ஆன்மாவுக்காகவா வயிற்றுக்காகவா என்று மிஷன்காரர்கள் தங்களுக்குள்ளேயே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்மா ஒரு தட்டு, வயிறு ஒரு தட்டு. பசித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் இந்த இரண்டு தட்டும் ஒன்றுதான் என்பது அந்த நல்லவர்களுக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. அடிமைத்தனத்திலிருந்து தன் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிலம் கொடுத்த ஒரு சாமியின் கதையைத்தான் அவர்களே கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது தனி வேடிக்கை.

அந்தப் பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று என்பதும் இந்த ஜில்லாவே சொல்லும். காரணையில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பி, அங்கே வைத்த அம்பேத்கர் சிலையைப் போலீஸ் அகற்றி, அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பேர் ஜான் தாமஸ். இன்னொருவர் பேர் ஏழுமலை. இதைப் பத்திரிகையில் படித்த நம்மில் எத்தனை பேர் முதல் பேரைப் பார்த்ததும் 'ஓ, இவர் கிறிஸ்தவர்' என்று மனசுக்குள் ஒரு பெட்டியில் போட்டோம்? பேரை வைத்து ஒருவருடைய சாமியை நிச்சயிக்கிற பழக்கம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதில்லை.

இனி எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியைப் பற்றி எழுதியாக வேண்டும். அவர்களைப் பற்றி எந்தப் புத்தகமும் இல்லை என்பதால். திருக்கழுக்குன்றத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வருகிற ஒரு காலனி. ஊர்ப்பேரும் வேண்டாம், ஆள்பேரும் வேண்டாம், ஏன் என்பது போகப்போகப் புரியும். பெரியவர் கல்குவாரியில் கல் உடைத்தவர். ஆயா நடவு, களை, அறுப்பு, பின்னாளில் நூறு நாள் வேலை. நான்காம் வகுப்பு வரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஆயாதான். பெரியவருக்கு எழுத்து தெரியாது. அதனால் அந்த வீட்டில் வேதம் வாசிக்கிறவர் ஆயா, கேட்கிறவர் பெரியவர். எந்தச் சபையும் அவரை ஆயராக்கவில்லை. வீட்டுக்குள் அவர்தான் ஆயர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பாயில் முழங்கால் போட்டு ஜெபம். பெரியவர் சாராயம் குடித்துவிட்டு வந்த நாட்களுக்கு ஆயா ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"குடிச்சிட்டு வந்த அன்னிக்கு சோறு உண்டு, ஜெபம் கெடையாது. வெளிய குந்திக்கினு சாப்ட்டு வெளியவே படுத்துக்கணும். சோத்த நிறுத்துனா பக்கத்து வூட்ல போயி துன்னும். ஜெபத்த நிறுத்துனா எங்க போவும்?"

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிற இறையியலை நான் எந்தச் செமினாரிக் கட்டுரையிலும் படித்ததில்லை. கிறிஸ்தவ இல்லறம் பற்றிய உபதேசப் புத்தகங்கள் மனைவிக்குச் சொல்கிற பொறுமை இதில் கிடையாது. தண்டனை இருக்கிறது; ஆனால் வயிற்றில் அடிக்காத தண்டனை. பெரியவரிடம் கேட்டால், "அதுக்குப் பயந்தே பாதி நாளு குடிக்காம வந்துருக்கேன்பா" என்று சிரிப்பார்.

பிடி அரிசி விஷயமும் அப்படித்தான். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் காணிக்கையாக வைப்பது. தமிழ்நாட்டின் பல சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வழக்கம். கட்டடங்களும் உபதேசியார் சம்பளமும் இந்தப் பிடியிலிருந்து எவ்வளவு வந்தன என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். நான் ஆயாவிடம் ஒருநாள், "அரிசிக்காக மாறுனவங்கன்னு சொல்றாங்களே ஆயா" என்றேன். சண்டைக்கு வந்துவிட்டார்.

"எவன் குடுத்தான் அரிசி? எங்க மாமியா குடுத்துச்சு, நான் குடுத்துக்கினு வரேன். வேலயில்லாத நாளு ஒரே ஒரு ஆழாக்கு இருக்கும். அதுலயும் சாமிக்கு ஒரு புடி எடுத்துட்டுத்தான் ஒலைல போடுவேன். அரிசி கோயில்லருந்து எங்க வூட்டுக்கு வரல, எங்க வூட்லருந்து கோயிலுக்குப் போச்சு. போயி எழுது."

எழுதிவிட்டேன் ஆயா. பால்பவுடர்க் கிறிஸ்தவன், கோதுமைக் கிறிஸ்தவன் என்று மேடையில் கேலி பேசுகிறவர்கள் மட்டுமல்ல, நம்முடைய முற்போக்கு எழுத்தாளர்களும் மதமாற்றம் என்றால் உடனே பொருளாதாரக் காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரிசி எந்தத் திசையில் போயிற்று என்று அவர்களும் பார்த்ததில்லை.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். இவர்களுக்கு மகன் பிறந்தபோது ஆயா போதகரிடம் போய் ஒன்று கேட்டார். தண்ணி ஊத்துங்க, பேரு வைங்க, ஆனா புக்குல எழுதாதீங்க ஐயா. புத்தகத்தில் எழுதினால் பிள்ளை பிற்பட்ட வகுப்பு; எழுதாவிட்டால் இந்து ஆதிதிராவிடர். தமிழ்நாட்டில் படிப்புக்கும் வேலைக்கும் இந்த இரண்டுக்கும் இடையே இருக்கிற தூரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போதகர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு சாயங்காலம் வீட்டிலேயே வைத்துச் செய்தார். பிள்ளைக்குப் பரலோகத்தில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். பிறகு சான்றிதழுக்காக விசாரணை என்று வருவாய்த்துறை ஆள் வீட்டுக்கு வருகிற நாள் வந்தது. இயேசு படக் காலண்டரை எடுத்துத் துணிப்பெட்டியில் வைத்துவிட்டு, கடையில் கொடுத்த வேதகிரீஸ்வரர் காலண்டரை ஆணியில் மாட்டினார்கள். தாலியில் இருந்த சிலுவை ரவிக்கைக்குள் போயிற்று. நெற்றியில் ஒரு பொட்டு.

"அன்னிக்கு ஒரு நாளு ஏசுவப் பொட்டில வச்சேன். அவரு கோச்சிக்கல. பேதுரு மூணு தபா தெரியாதுன்னு சொன்னாரு, அவரு கைலயே சாவி குடுத்தாங்க. நான் ஒரே தபாதான்."

திருக்கழுக்குன்றத்து மலைக்குத் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் கையால் சோறு தின்றுவிட்டுப் போன கதை எல்லோருக்கும் தெரியும். இப்போது வருவதில்லை, வருஷக்கணக்காகிறது. வந்துகொண்டிருந்த காலத்தில் அவை சாபம் பெற்ற முனிவர்கள், காசியில் குளித்து இராமேசுவரத்தில் கும்பிடப் போகிறவை என்று ஜனங்கள் நம்பினார்கள். சோற்றுக்காக வருகிறதா பக்திக்காக வருகிறதா என்று அந்த ஜோடியை ஒருவரும் விசாரித்ததில்லை. சோறும் பக்தியும் ஒரே பாறையில் ஒன்றாக இருக்க முடியும் என்பதைப் பறவைகள் விஷயத்தில் ஊர் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றத்தின் பாஷையில் இந்த ஆயா செய்தது மோசடி. நானும் அதை வீரம் என்று வர்ணிக்கப் போவதில்லை. அன்றைக்கு அவர் கை நடுங்கியது என்று அவரே சொன்னார். ஆனால் பொய் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் அட்டவணைச் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று 1950 ஆணையின் மூன்றாம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியர்களுக்காகவும் 1990இல் பௌத்தர்களுக்காகவும் அதைத் திருத்தினார்கள். கிறிஸ்தவனான பிறகு தீண்டாமை போய்விட்டது என்பது அந்தப் பத்திக்குள் இருக்கிற கற்பனை. பெரிய பொய் அதுதான். அதற்குத் தக்கபடி ஆயா ஒரு சின்னப் பொய்யைத் தயாரித்தார். சென்னையில் ரோட்டோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை, ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் கொடுத்த பங்க் கடை கிறிஸ்தவன் என்பதால் தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். செருப்பும் ஊசியும் கையில் இருந்தன. ரோடும் அதே ரோடுதான். வேறென்ன நிரூபிப்பது?

இந்த விஷயத்தை நேருக்கு நேர் எழுதிய நாவல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002). கத்தோலிக்கச் சேரியில் பிறந்து, மிஷன் விடுதிகளில் வளர்ந்து, படித்துப் பட்டம் வாங்கின சிலுவைராஜ் கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். அதை அவர் ஒப்பாரியாக எழுதவில்லை, கிண்டலாக எழுதினார். மதம் மாறுவது தாசில்தார் ஆபீசில் ஒரு மனுவுக்கு இன்னொரு காகிதம் இணைக்கிற வேலையாகச் சுருங்கிப்போவதை அந்தக் கிண்டல் காட்டிவிடுகிறது. ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13ஆம் தேதி மறைந்தார். பதின்மூன்று நாள் கழித்து இந்தத் தீர்ப்பு. படித்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு நமக்குக் கிடைக்காமல் போயிற்று. ஆனால் நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. சான்றிதழ் அங்கே தனி ஆண் ஒருவனின் பிரச்சினையாக நிற்கிறது. வீட்டில் அதே சான்றிதழுக்காகக் காலண்டரை மாற்றுகிற கையும், ரவிக்கைக்குள் சிலுவையைத் தள்ளுகிற கையும் யாருடையவை? பொய்யின் அன்றாட வேலை பெண்டாட்டிமார் தலையில்தான் விழுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, சபை நல்லது அரசாங்கம்தான் கெட்டது என்று யாராவது எடுத்துக்கொண்டால், அவர்கள் பாமாவின் 'சங்கதி'யை எடுத்துப் படிக்க வேண்டும். 'கருக்கு' (1992) மடத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணின் தனிக்குரல். இரண்டு வருஷம் கழித்து வந்த 'சங்கதி'யில்தான் புருஷன் பெண்டாட்டிகள் வருகிறார்கள். அதுவும் எப்படி! அடிக்கிற புருஷன் பாக்கியராசைத் தெருவில் நின்று கிழிகிழியென்று கிழிக்கிற ராக்கம்மா. நிலக்காரன் தன் குட்டு வெளிப்படாமலிருக்கக் கட்டிவிட்ட பழியால் பஞ்சாயத்தில் நின்று, மாணிக்கத்தைவிட இரண்டு பங்கு அபராதம் கட்டி, அதே மாணிக்கத்துக்கே வாழ்க்கைப்பட்டு, தினம் அடிவாங்குகிற மாரியம்மா. கோயில் புத்தகத்தைத் திறந்தால் இவர்களும் கிறிஸ்தவக் குடும்பம் என்ற கட்டத்தில்தான் இருப்பார்கள்.

பாமா ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார், அது நம்முடைய விவாதங்களில் போதிய கவனம் பெறவில்லை. சேரியில் இந்துவாக இருக்கிற பெண்ணுக்குப் புருஷன் சரியில்லை என்றால் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்கிற வழி உண்டு. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வழியைச் சாமியார் அடைத்துவிட்டார். அறுத்துக் கட்டுவது நம்முடைய பழைய உரிமை. வேதத்தைக் கொடுத்த கை அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. சட்டமும் துணை நின்றது. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் வழக்கப்படியான தீர்த்துவிடுதலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். அதில் புருஷன் மனைவியின் சோரத்தை நிரூபித்தால் போதும்; மனைவியோ புருஷனின் சோரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் அதைத் திருத்தினார்கள். 'சங்கதி' வந்து ஏழு வருஷத்துக்குப் பிறகு. கத்தோலிக்கச் சபையின் கதவு அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 1869, 1872. இரண்டும் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். தாய் அடிதாங்காமல் வெளியே போக நினைத்தால் 1869 நிறுத்தியது: நீ கிறிஸ்தவப் பெண்டாட்டி. அதே தாயின் மகள் சான்றிதழ் கேட்டுப் போனால் 1872 நிறுத்துகிறது: உன் அம்மா கிறிஸ்தவப் பெண்டாட்டி. கோயிலில் மோதிரம் மாற்றின ஒரு காலைப்பொழுது தலைமுறை தாண்டி இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கல்லறையில் தனி மூலை, திருவிழாத் தேர் சேரிக்கு வராது, பாடகர் குழுவில் இடமில்லை என்று நாம் சபைக்குள் இருக்கிற தீண்டாமையை நிறைய எழுதிவிட்டோம், எழுத வேண்டியதுதான். கலியாணத்தைப் பற்றி மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறோம். விடுதலை இறையியல் பேசுகிற நம் ஆண் தோழர்களிடம் இதைக் கேட்டால், முதலில் சாதிப் பிரச்சினை தீரட்டும் என்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஆயா? ஜெபத்தை நிறுத்தி வைக்கிற அவருடைய சட்டம் எங்கிருந்து வந்தது? சபை அதைக் கற்றுக்கொடுக்கவில்லை, நிச்சயமாக. வேதப்புத்தகத்தை அவர் தன் கண்ணால் வாசித்ததிலிருந்து கொஞ்சம், ராக்கம்மாக்களின் வாயிலிருந்து கொஞ்சம் என்று நான் நினைக்கிறேன். அவருக்கு எழுத்து கொடுத்ததும் மிஷன், அவர் வெளியே போகிற வழியை அடைத்ததும் அதே கோயில். அதற்குள்ளேயே நின்று ஒரு சண்டைக்கு அவர் இடம் பண்ணிக்கொண்டார். இதை முழு விடுதலை என்று எழுதினாலும் தப்பு. ஏமாந்த ஜனம் என்று எழுதினாலும் தப்பு. நம் கதைகளில் கிறிஸ்தவத் தம்பதி வந்தால் ஒன்று தியாகச் சுடர்கள், இல்லாவிட்டால் பாதிரிக்குக் கைகட்டி நிற்கிற அப்பாவிகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் புருஷனும் பெண்டாட்டியும் பிரசங்கத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வருகிற ஒரு சிறுகதையை நான் இன்னும் படிக்கவில்லை.

கிறிஸ்தவ, இஸ்லாமிய தலித்துகளின் அட்டவணைச் சாதி உரிமை கேட்கும் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2004இல் தொடங்கியது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்து, மதத்தைச் சாதித் தகுதியிலிருந்து பிரிக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, கெடு முடிந்த பிறகு நீட்டிப்பும் கொடுத்தார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. தீண்டாமை தொடர்கிறதா என்பதற்குப் புள்ளிவிவரம் கேட்கிறார்கள், கொடுப்போம். ஆனால் புத்தகத்தில் எழுதாமல் ஞானஸ்நானம் பெற்றவன் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டான். கோயில் கணக்கிலும் இல்லை, மக்கள்தொகைக் கணக்கில் அவன் இந்து. அவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஆணையத்தாலும் எண்ண முடியாது, எழுத்தால் மட்டுமே முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துத் தோழர்களுக்கு முதலில், மற்ற ஜில்லாக்காரர்களுக்கும்தான். கோயிலில் ஒரு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பேருமாக வளர்ந்தவர்கள், விசாரணைக்கு ஆள் வந்த நாளில் வீட்டில் காலண்டர் மாற்றியவர்கள், பிடி அரிசிக் கலயம் இன்னும் வைத்திருக்கிற அம்மாக்களின் பிள்ளைகள், இந்த இதழுக்கு எழுதுங்கள். பேர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம். அப்பா சொன்னதை மட்டும் எழுதாமல் அம்மாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். காலண்டரை யார் கழற்றினார்கள், எங்கே ஒளித்து வைத்தார்கள், திரும்ப எப்போது மாட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.